வண்டி துலக்குதல்

தமிழில் ‘விளக்குதல்’ என்னும் சொல் பொருள் வளம் மிக்கது. இருளில் ஏற்றி வைக்கும் சுடருக்கு விளக்கு என்று பெயர். அறியாத ஒன்றை அறியச் செய்வதும் விளக்குதலே. காலையில் பல்லைத் தேய்ப்பதையும், அன்னையர் புளியும் சாம்பலும் கொண்டு செப்புக் குடத்தைப் பளிச்சிடச் செய்வதையும் நம் முன்னோர் அச்சொல்லாலேயே வழங்கினர். மறைந்து கிடந்த ஒளியை வெளிக்கொணர்தல் என்னும் கருத்து இவை எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கக் காணலாம். துலங்குதல், துலக்குதல் என்பனவும் அவ்வினத்துச் சொற்களே. தானே ஒளிர்வது துலங்குதல். பிறிதொன்றை ஒளிரச் செய்வது துலக்குதல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை.

இலக்கணம் இவ்வளவில் நிற்க. குடத்தையும் குத்துவிளக்கையும் துலக்கிய கைகள் இந்நாளில் மோட்டார் சைக்கிளையும் துலக்கக் கற்றிருக்கின்றன. கூலி பெற்றுக்கொண்டு பிறர் வண்டிகளை இவ்வாறு துலக்கித் தரும் தொழிலை ‘டீடெய்லிங்’ என்று கூறுகின்றனர். வண்டியின் ஒவ்வொரு சிறு உறுப்பையும் தனித்தனியே நோக்கிச் செய்வதனால் அப்பெயர் அமைந்தது. நுணுகித் துலக்கல் என்று நாம் அதனைச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வாளி, சில துணி, ஒரு நிழலிடம் ஆகிய இவை இருந்தால் தொடங்கிவிடலாம் என்று கருதி இளைஞர் பலர் இதில் புகுகின்றனர். தொடங்குதல் எளிது என்பது உண்மையே. ஆனால், ஒருவர் பல மாத ஊதியத்தைச் சேர்த்து வாங்கிய பொருள் நம் கையில் ஒப்படைக்கப்படுகிறது. மறுநாள் அதன் மேல் அமர்ந்து அவர் சாலையில் விரைந்து செல்வார். இதனை மறந்தவனுக்கு இத்தொழில் ஏற்றதன்று.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் வேரூன்றிய வரலாற்றில் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூடி, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. தாய் நிறுவனம் பிற்காலத்தில் மறைந்துவிட, சேய் தழைத்து நின்றது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி புறப்பட்டு, பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை பலருக்கும் துணையாயிற்று. இன்று இரு சக்கர வண்டி இல்லாத தெருவைக் காண்டல் அரிது. எனவே துலக்குவோனுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை.

‘வாட்டர் சர்வீஸ்’ என்னும் பலகை தொங்கும் கடைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே வண்டியின் மேல் டீசலைப் பீச்சி, மசகும் மண்ணும் நெகிழ்ந்த பின்னர், விசைநீரால் அடித்துக் கழுவும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. கால்மணி நேரத்தில் வண்டி பளபளக்கும். ஆனால் டீசல் ரப்பர் உறுப்புகளை நாளடைவில் ஊதவும் தளரவும் செய்யும். பிரேக்கின் மேல் தங்கினால் பிடிப்பைக் கெடுக்கும். விசைநீரோ, அழுக்கை வெளியேற்றுவது போலவே, புகத்தகாத இடங்களுக்குள் நீரைப் புகுத்திவிடும். சக்கர அச்சிலும் கைப்பிடித் தண்டின் கழுத்திலும் பேரிங்குகள் உள்ளன. அவற்றின் மசகு கழுவுண்டு போனால் சில திங்களில் துருவேறி ஓசையிடத் தொடங்கும். அப்போது உரிமையாளர் கழுவியவனை நினைப்பதில்லை. வண்டி செய்தவனைத்தான் ஏசுவார். துலக்குவோன் விசைநீரைப் பயன்படுத்தினும் தொலைவில் நின்று மெல்ல வீசுதல் வேண்டும். அச்சு, மின்கம்பி இணைப்பு, சாவித்துளை, காற்று வடிகட்டி ஆகியவற்றின் மேல் நேரே பாய்ச்சலாகாது. சைலன்சரின் வாயை முன்னதாகவே அடைத்துக்கொள்ளுதல் நன்று. வேலை முடிந்ததும் அடைப்பை எடுக்க மறத்தலும் ஆகாது.

இனி, வண்ணப்பூச்சின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். இரும்புத் தகட்டின் மேல் முதற்பூச்சு. அதன் மேல் வண்ணம். அதற்கும் மேலே கண்ணாடி போன்ற தெளிந்த காப்புப்பூச்சு என இவ்வாறு அடுக்கடுக்காக அமைந்திருப்பதே பெரும்பாலான வண்டிகளின் மேனி. அக்காப்புப்பூச்சின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். பாலிஷ் இடுதல் என்பது யாது? கீறல் மறையும்படி அப்பூச்சையே சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைத்தல் ஆகும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் வண்டியின் முதலிலிருந்து ஒரு பகுதியைச் செலவிடுகிறோம்! மெழுகு இடுவதோ இதற்கு மாறானது; அது குறைப்பதன்று, மேலே ஒரு போர்வையை இடுவது. இவ்வேறுபாட்டை அறியாமல் கரடான கம்பவுண்டை எடுத்து டேங்கின் விளிம்பில் அழுத்தித் தேய்ப்பவன், உள்ளிருக்கும் முதற்பூச்சைக் கண்டு திகைப்பான். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும் என்பதை முன்பே அறிதல் வேண்டும்.

கீறலின் ஆழத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு. நகத்தின் நுனியைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடையின்றிச் சென்றால் பாலிஷால் தீரக்கூடும். நகம் சிக்கிக்கொண்டால் அது பெயிண்டரின் வேலை, துலக்குவோனின் வேலையன்று. இதனை உரிமையாளரிடம் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். முடியாததை முடியும் என்று சொல்லிக் கூலி வாங்குவது களவின் ஒரு வகை என்றே யான் கருதுவேன்.

புதியவன் எங்கே பழகுவது? பிறர் வண்டியில் அன்று. பழைய இரும்புக் கடையில் அடிபட்ட டேங்கும் மட்கார்டும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றை வாங்கி வந்து, எத்துணை அழுத்தினால் எத்துணை தேயும் என்பதைக் கை அறியுமட்டும் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னர்த் தன் வீட்டு வண்டி. அதன் பின்னர் நண்பர் வண்டி. கூலி வாங்குவது அதற்குப் பிறகுதான்.

வண்டியை ஏற்கும்போது உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்து, முன்பே உள்ள கீறல், நெளிவு, உடைந்த கண்ணாடி, துரு ஆகியவற்றைத் தாளில் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுதல் இருவருக்கும் காப்பு. செய்யப்போவது இன்னது, செய்யாதது இன்னது, கூலி இவ்வளவு, திருப்பித் தரும் நேரம் இது என்பனவற்றையும் அப்பொழுதே பேசி முடித்துவிட வேண்டும். வண்டியைத் தள்ளியே நகர்த்துக. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது சட்டம். உரிமம் இருப்பினும், துலக்கத் தந்த வண்டியில் தேநீர்க் கடைக்குச் சென்று வருவது முறையன்று.

கழுவுதலுக்கும் ஒரு முறை உண்டு. ஓடி வந்த வண்டியின் எஞ்சினும் சைலன்சரும் அனலாய் இருக்கும். அவற்றின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் ஊறுபடக்கூடும். நீர் உடனே ஆவியாகிக் கறையும் படியும். ஆதலால் கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, நிழலில் நிறுத்திக் கழுவுதல் வேண்டும். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். வெயிலில் அது காய்ந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு முதலிய உப்புகள் வெண்புள்ளிகளாக நின்றுவிடும். நீர் காயுமுன் துணி முந்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாளி என்றேன். அதன் காரணம் இது. ஒன்றில் சோப்புநீர், மற்றொன்றில் வெறுநீர். துடைத்த துணியை வெறுநீரில் அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் சோப்புநீரில் தோய்க்க வேண்டும். ஒரே வாளியில் தோய்த்தால், துணியில் ஏறிய மணல் திரும்பவும் வண்டியின் மேலேயே வந்து உராயும். வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை போல் டேங்கின் மேல் தோன்றும் நுண்கீறல்கள் பெரும்பாலும் இவ்வாறு கழுவியதனால் வந்தவையே. முதலில் வெறுநீரால் தூசியை ஓடவிட்டு, மேலிருந்து கீழாகத் துடைத்து வருதல் வேண்டும். சக்கரத்துக்கும் செயினுக்கும் உரிய துணியை டேங்கின் அருகே கொண்டுவருதல் கூடாது. கீழே விழுந்த துணி எத்துணைத் தூயதாய்த் தோன்றினும் அலசாமல் எடுத்துத் துடைக்கலாகாது. பாத்திரம் துலக்கும் சோப்பு இதற்கு ஏற்றதன்று. முன்பிட்ட மெழுகை அது அரித்துவிடும்.

செயினைப் பற்றிச் சொல்லும்போது சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றினால் செயின் முழுவதும் தூய்மையாகும் என்று எண்ணி, எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் இட்டு, சுழலும் செயினைத் துணியால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணியைப் பற்சக்கரம் கவ்வும். துணியோடு விரலும் போகும். இவ்வாறு விரலிழந்தோர் உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகத் தள்ளித் தூய்மை செய்வதே முறை. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும், பெட்ரோல் கூடாது. பெட்ரோல் செயினிலுள்ள ரப்பர் வளையங்களைக் கெடுப்பதோடு, எளிதில் தீப்பற்றவும் செய்யும். உலர்ந்த பின் எண்ணெய் இட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத எண்ணெய் ஓட்டத்தில் சிதறிப் பின்சக்கரத்தில் படியும்.

துலக்குவோன் துலக்கக்கூடாத இடங்களும் உள. பிரேக்கின் வட்டத் தகட்டில் மெழுகோ பாலிஷோ எண்ணெயோ ஒரு துளியும் படலாகாது. அத்தகட்டைப் பற்றி நிறுத்தும் பட்டைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால், பெரும்பாலும் அவற்றை மாற்றுவதே வழி. டயரின் பக்கச் சுவரைக் கருமையாக்கும் பூச்சு, சாலையில் படியும் பகுதியில் பட்டால் திருப்பத்தில் வண்டி வழுக்கும். இருக்கையின் மேலும் கால் வைக்கும் மிதியின் மேலும் வழுவழுப்பான பூச்சு இடலாகாது. பின்னால் குழந்தையோ முதியவரோ அமர்ந்து வரக்கூடும் அன்றோ? அழகுக்காகச் செய்யும் வேலையில் உயிர்க்கேடு ஒளிந்திருக்கும் இடங்கள் இவை.

ஒளியற்ற ‘மேட்’ வண்ணம் இந்நாளில் பலரும் விரும்புவது. இதனைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும். அப்பளபளப்பை நீக்க இயலாது. என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் இத்தொழிலைத் தொடங்கிய மூன்றாம் திங்களில், இத்தகைய கறுப்பு வண்டி ஒன்று வந்தது. டேங்கின் இடப்புறத்தில் உள்ளங்கை அளவுக்குப் பாலிஷ் இட்டுத் தேய்த்த பின்னரே அவன் வேறுபாட்டைக் கண்டான். டேங்க் முழுவதையும் தேய்த்து ஒரே பளபளப்பாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அருகிலிருந்தவர்கள் கூறினர். அவன் துணியைக் கீழே வைத்துவிட்டு உரிமையாளரிடம் சென்று, “சார், உங்கள் வண்டியின் டேங்கைக் கெடுத்துவிட்டேன். மறுபடி வண்ணம் அடித்துத் தருகிறேன், நான்கு நாள் தவணை தாருங்கள்” என்றான். அவர் கடிந்துகொண்டார். “தம்பி, தெரியாத வேலையை ஏன் தொட்டாய்?” என்று கேட்டார். அதற்கு அவனிடம் விடை இல்லை. வண்ணம் அடித்த செலவு அவனுடைய இரு மாத வருவாயைக் கொண்டுபோயிற்று. அந்த உரிமையாளர் மீண்டும் அவனிடம் வரவும் இல்லை. அன்று முதல் அவன் எந்த வண்டியாயினும் இருக்கைக்கு அடியில் மறைந்த ஓரத்தில் சிறிது தேய்த்துப் பார்த்த பின்னரே வெளிப்புறத்தைத் தொடுகிறான்.

கூலியைப் பற்றி ஒரு சொல். புதியவர்கள் பெரும்பாலும் அஞ்சி அஞ்சிக் குறைவாகக் கேட்கின்றனர். ஒரு வண்டிக்கு 4 மணி நேரமும் 120 ரூபாய்ப் பொருளும் செல்கின்றன எனக் கொள்வோம். 300 ரூபாய் வாங்கினால் மிஞ்சுவது 180. மணிக்கு 45 ரூபாய். நீர், மின்சாரம், தேய்ந்த துணி ஆகியவற்றை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. இக்கணக்கைப் போடாதவன் விரைவில் களைத்து, வேலையில் கைவைக்காமல் கூலியில் மட்டும் கைவைக்கத் தொடங்குவான்.

ஆண்டு முழுவதும் வேலை இருப்பினும், ஆயுத பூசைக்கு முந்திய நாள்களில் வண்டிகள் வரிசையில் நிற்கும். பூசைக்குள் வண்டி வேண்டும் என்று ஒவ்வொருவரும் அவசரப்படுத்துவர். அக்காலத்தில் எத்தனை வண்டியைக் கழுவ முடியும் என்று எண்ணாமல், எத்தனை வண்டியை முழுதும் உலர்த்திச் சரிபார்க்க முடியும் என்று எண்ணி ஏற்க வேண்டும். நனைந்த பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது. வண்டியைச் சிறிது தள்ளி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பலமுறை அழுத்திப் பார்த்து, விளக்கும் ஒலிப்பானும் இயங்குவதைக் கண்டு, சைலன்சரின் அடைப்பை எடுத்துவிட்ட பின்னரே சாவியை உரியவர் கையில் கொடுக்க வேண்டும். “முதல் தெருமுனை வரையில் மெதுவாகப் போங்கள், இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியும் அனுப்ப வேண்டும். பூசை நாளன்று சக்கரத்தின் கீழ் வைக்கும் எலுமிச்சம்பழத்தை அவரே பார்த்துக்கொள்வார்.