கடல்நீர்த் தொட்டியில் மீன் விடுமுன்

கடல்மீன் வளர்க்கும் ஆவலோடு கண்ணாடித் தொட்டியும் உப்பும் பம்பும் வாங்கி வந்தவர்கள், நீர் தெளிந்து பளிச்சென்று தோன்றியவுடனேயே ஒரு ஜோடி கோமாளி மீன்களைக் கொண்டு வந்து விட்டுவிடுவதும், அவை சில தினங்களுக்குள் வேகவேகமாகச் செவுளடித்து மூச்சுத் திணறி மாண்டு போவதும், நம் நகரங்களில் சர்வ சாதாரணமாக நிகழ்கின்றன. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று பழி சொல்வோரும் உண்டு; ஆனால் பெரும்பாலும் மீன் ஆரோக்கியமாகத்தான் இருந்தது, அதை ஏற்கத் தொட்டிதான் சித்தமாக இருக்கவில்லை.

மீன் தன் செவுள்களின் வழியே ஓயாமல் அம்மோனியா என்னும் நச்சை வெளியிடுகிறது. தின்னாமல் விட்ட உணவும் அழுகி அதையே தருகிறது. எல்லையற்ற சமுத்திரத்தில் அது கரைந்து மறைந்துவிடும். நூறு லிட்டர் தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் கிடையாது. கடல்நீரின் காரத்தன்மை இந்தக் கேட்டை மேலும் பெருக்குகிறது: பி.ஹெச். 7 உள்ள நன்னீரில் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, பி.ஹெச். 8.2 உள்ள கடல்நீரிலோ நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் அவ்வடிவில் நிற்கும்.

இந்த விஷத்தை உண்டே உயிர் வாழும் நுண்ணுயிர்கள் உலகில் இருப்பது நமது பாக்கியம். ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட்டாக்க, மற்றொரு சாரார் நைட்ரைட்டை அதிகத் தீங்கு தராத நைட்ரேட்டாக்கும் இந்த அற்புதத்தை, ருஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராத்ஸ்கி 1890ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்து விளக்கினார். 2005இலோ, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தில் இருந்த ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்தே, அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா என்னும் வகுப்பைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்று முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே கடல்நீர்த் தொட்டி வைப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல, கண்ணுக்குப் புலப்படாத இந்தக் குடிகளையே. இதைத்தான் தொட்டியை ‘சைக்கிள்’ செய்வது என்கிறார்கள்.

முதற்காரியம் நீர். குழாய் நீரில் சேர்க்கப்படும் குளோரின் நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடுமாதலால், ஆர்.ஓ. நீரையே எடுத்துக் கொள்ளுங்கள். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரின் தாதுக்கள் யாவும் அடங்கிய மீன்தொட்டி உப்பை, லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம் வீதம் கரைத்து, பம்பால் ஓர் இரவு முழுவதும் கலக்கவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது கல்லும் மணலும். நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிடப் பரப்பில் ஒட்டிக் கொண்டே பல்குகின்றன. ஆதலால் துளைகள் நிறைந்த கல் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு அவற்றுக்கு இடம் உண்டு. செயற்கையாகச் செய்த உலர்ந்த கல்லே போதும். மன்னார் வளைகுடாக் கரைக்குப் போய்ப் பவளக்கல்லை எடுத்து வரலாமே என்று எண்ணுவோருக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது, அதை எடுப்பது குற்றம் மட்டுமன்று, நாம் நேசிப்பதாகச் சொல்லும் கடலுக்கே இழைக்கும் துரோகம். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு சிறு கல்லைக் கேட்டு வாங்கி இடுங்கள். பாலுக்கு உறை குத்துவது போல அது வேலையைத் துரிதப்படுத்தும். புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் பயன்படும், வெயிலில் வேகாமல் வந்து சேர்ந்திருந்தால்.

இனி அவற்றுக்கு உணவு. பச்சை இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுவது பழைய வழக்கம். எவ்வளவு அம்மோனியா வரும் என்று அதில் கணிக்க முடியாது, துர்நாற்றமும் மிகுதி. சுத்தமான அம்மோனியம் குளோரைடே மேல். 6 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து வைத்துக் கொண்டு, நூறு லிட்டர் தொட்டிக்கு அதிலிருந்து 100 மில்லிலிட்டர் ஊற்றினால் அம்மோனியா ஏறக்குறைய 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) ஆகும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் இதே பொருள்தான் எனினும், அதன் சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லையாதலால் அதை நாட வேண்டாம். பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். விளக்கு வேண்டியதில்லை, எரிந்தால் பாசிதான் வளரும். உஷ்ணம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். சென்னைக் கோடையில் நீர் அதையும் மீறும்; அப்போது நீர்ப்பரப்பின் மேல் ஒரு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். ஆவியாகிக் குறையும் நீரை உப்பு நீரால் அல்ல, வெறும் ஆர்.ஓ. நீரால் நிரப்ப வேண்டும். ஏனெனில் நீர்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

இதன் பின் வருவது பொறுமையின் காலம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பரீட்சித்து ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். ஆரம்பத்தில் பல நாள் எதுவும் அசையாது. பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா தீர்ந்தபோதெல்லாம் மீண்டும் சிறிது ஊற்ற வேண்டும், 5 பி.பி.எம்.மைத் தாண்டவிட்டால் அந்த நுண்ணுயிர்களே தடுமாறும். நைட்ரைட் உச்சத்தில் நின்று இறங்க மறுக்கும் கட்டமே மிக நீண்டது; பலர் மனம் சலித்து மீனை விட்டுவிடுவதும் இங்கேதான். மொத்தத்தில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இடையில் கல்லின் மேல் பழுப்பு நிறப் படலம் படர்ந்தால் கலங்க வேண்டாம். அது டயாட்டம் என்னும் நுண்பாசி, தானே குறையும்.

இந்த வாரங்களைத் தாங்கட்டும் என்று ‘டாம்சல்’ மீன்களை வாங்கி விட்டுத் தொட்டியைப் பழக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவை கடினமான மீன்கள் என்பது உண்மை. ஆனால் செவுள் வெந்து தவிப்பதைச் சகித்துக் கொள்ளும் சக்தி இருப்பதாலேயே ஒரு ஜந்துவை அந்தத் தவிப்புக்கு ஆளாக்கலாம் என்பது எந்தத் தர்மத்திலும் சேராது. வேறு வழியில்லாத காலத்திலேனும் சமாதானம் சொல்லலாம். ஒரு சிட்டிகை அம்மோனியம் குளோரைடு அந்த வேலையைச் செய்யும் இந்நாளில் அதற்கு நியாயமே இல்லை.

முடிவான பரீட்சை இது: 2 பி.பி.எம். அம்மோனியாவை ஊற்றி, இருபத்து நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். ஒன்றேனும் நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். தேறிய பின் நைட்ரேட் சேர்ந்திருக்குமாதலால், பாதி நீரையோ அதற்கு மேலோ மாற்றி, அதை 20 பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டு வரவேண்டும். மீன் வாங்கத் தாமதமானால் அதுவரை சிறிதளவு அம்மோனியாவை ஊற்றிக் கொண்டே இருங்கள். இல்லையேல் நுண்ணுயிர்க் கூட்டம் பட்டினியால் மெலிந்துவிடும்.

முதலில் ஒரே ஒரு சிறு மீனை, அல்லது பாசி மேயும் சில நத்தைகளை விடுங்கள். முதல் வாரத்தில் உணவைக் குறைத்து, அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். சிறிது தென்பட்டாலும் உடனே கால்பங்கு நீரை மாற்றி, அடுத்த மீனை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.