பயந்தவனைத்தான் பிடிக்குமாம்!

"கொரோனாவுல செத்தவன விட, பயத்துல செத்தவன்தான் அதிகம்." திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்து பிரம்மதேசத்தைத் தாண்டுவதற்குள் இந்த வசனம் எப்படியும் ஒருமுறை காதில் விழுந்துவிடும். கேரளாவில் நிபா என்று செய்தி வந்தால் போதும். மழை விட்ட வாரத்தில் நாலு வீட்டில் காய்ச்சல் என்றால் போதும். டீக்கடையில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்: "பயப்படாதவன ஒண்ணும் பண்ணாதுங்க. மனோதைரியம்தான் மருந்து." சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். மனநல ஆலோசனை என் தொழில் என்பதால், "நீங்களும் அதத்தான சொல்றீங்க?" என்று என்னைச் சாட்சிக்கு வேறு இழுக்கிறார்கள். நான் அதைச் சொல்வதே இல்லை. இந்த ஊரில் இதற்குமேல் இன்னொரு முறை அதைக் கேட்கும் பொறுமையும் எனக்கு இல்லை. அதையும் அதோடு உலவும் இன்னும் ஐந்து நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை 1: பயந்தவனைத்தான் நோய் பிடிக்கும்; தைரியசாலியை அண்டாது.

2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. கொரோனா முடிவதற்குள் அரசுக் கணக்கிலேயே 38,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அத்தனை பேரும் கோழைகளா? பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து வழிய வார்டில் நின்று, அந்த வார்டிலேயே நோய் வாங்கிச் செத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தைரியம் போதவில்லையா? செத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "பயந்துட்டாரு, அதான்" என்று சொல்கிறோமே, அது ஆறுதல் இல்லை. செத்தவர் மேல் போடும் பழி. பிலிப் ஸ்ட்ராங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1990-லேயே இதைப் பற்றி எழுதினார். ஒரு தொற்றுநோய் வந்தால் கூடவே அச்சமும், 'யாரால் வந்தது' என்ற குற்றச்சாட்டும், 'எதையாவது செய்' என்ற பரபரப்பும் தாமே தொற்றுநோய்களாகப் பரவும் என்றார். 'பாவம் செய்தவனைப் பிடிக்கும்' என்று ஒரு காலத்தில் சொன்னோம். இப்போது 'பயந்தவனைப் பிடிக்கும்' என்கிறோம். சட்டை மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை.

இந்தப் பேச்சு ஆளையே கொல்லக்கூடியது. ரத்தத்தில் ஆக்சிஜன் 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பிறகும் மூச்சுத்திணறல் தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த கொரோனா நோயாளிகளை மருத்துவர்கள் உலகமெங்கும் பார்த்தார்கள். அப்படிப்பட்டவருக்குத் தைரியம் என்ன செய்யும்? "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி வீட்டிலேயே படுக்க வைக்கும். பயந்தவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, எண் இறங்குகிறது என்று முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ ஓடினார். இந்த இருவரில் யார் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் வாட்ஸ்அப் மேதைகள் ஆடுகிறார்கள். பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அவ்வளவும் நிஜம். ஆனால் பயத்தால் ஒரு வைரஸை உண்டாக்க முடியாது. "டென்ஷன் ஆனா எதிர்ப்புசக்தி குறையும்னு ஆராய்ச்சியே இருக்கு" என்பார்கள். இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன், ஒப்புக்கொண்டு வந்தவர்களின் மூக்கில் சளிக் கிருமியை விட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார். 1998-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த கஷ்டம் உள்ளவர்களுக்கே அதிகம் பிடித்தது. பெரும்பாலும் அது என்ன கஷ்டம்? வேலையில்லாமை அல்லது தீராத வீட்டுச் சண்டை. நோயைப் பற்றிய நாலு நாள் பயத்தை அந்த ஆய்வு குற்றவாளி ஆக்கவில்லை. ஆதாரம் காட்டுகிறவர்கள் அதை முழுதாகப் படித்திருக்கலாம்.

பயத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு லெவந்தால் குழுவினர் மாணவர்களுக்கு டெட்டனஸ் நோய் பற்றிய கையேடு கொடுத்தார்கள். சில கையேடுகளில் பயங்கரமான படங்கள் இருந்தன. படித்தவர்கள் பயந்தார்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்களோ ஏறக்குறைய 3 சதவீதம்தான். இன்னொரு பிரிவினருக்குக் கையேட்டோடு, மருத்துவ மையத்தை வட்டமிட்ட வரைபடம் ஒன்றையும் தந்து, 'எந்த நேரம் போகலாம் என்று இப்போதே யோசி' என்றார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். பயம் மட்டும் இருந்தால் ஆள் முடங்கிப் போகிறார். வழி மட்டும் காட்டினால் அசட்டையாக இருந்துவிடுகிறார். இரண்டும் சேர்ந்தால் எழுந்து நடக்கிறார். 2020-இல் பிரிட்டனைச் சேர்ந்த கிரெய்க் ஹார்ப்பர் குழு நடத்திய ஆய்விலும், கை கழுவுவது, விலகி நிற்பது போன்றவற்றை மக்கள் கடைப்பிடிப்பார்களா என்பதை முன்கூட்டிச் சொன்னது கொரோனா பற்றிய அச்சம்தான். அவர்களுடைய அரசியல் சாய்வு அல்ல.

சரி, நம் மரக்காணம் கரையில் இந்தத் 'தைரியம்' எங்கிருந்து வருகிறது? உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே இறங்குகிறார்கள். பாத்தியில் பாதம் ஊற நின்று, பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் குவிக்கிறார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, நீர் சொட்டச் சொட்ட அம்பாரத்துக்கு நடக்கிறார்கள். காய்ச்சலோடு கூடை தூக்கிய ஒரு அம்மாவிடம் "ஏம்மா, பயமா இல்லையா?" என்று கேட்டேன். "பயந்து படுத்துட்டா கூலி யாரு கண்ணு குடுப்பா? ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டு வந்துட வேண்டியதுதான்" என்றார். டீக்கடைக்காரர் மனோதைரியம் என்று பாராட்டுவது இதைத்தான். அந்த அம்மாவுக்கு வேறு வழியில்லை என்பதை மறைக்க நாம் கொடுத்த அழகான பெயர் அது.

நம்பிக்கை 2: உப்புக்காற்றுக்குக் கிருமி செத்துப்போகும்.

உப்பு விளைகிற ஊரில் இந்தப் பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனால் காலரா கிருமியின் இயற்கை வீடே கழிமுகங்களின் உவர்நீர்தான். 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோங்னாம் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பி வந்தவர்கள் வாயிலெல்லாம் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். எல்லோர் வாய்க்கும் ஒரே குழாய் முனை, இடையில் துடைக்கவும் இல்லை. அந்தச் சபையில் 46 பேருக்குத் தொற்று. உப்பைக் குழம்பில் போடுங்கள்.

நம்பிக்கை 3: உண்மையைச் சொன்னால் ஜனம் வெறிபிடித்து ஓடும்.

இது அதிகாரிகளுக்குப் பிடித்த நம்பிக்கை. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்றதும் சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 'பீதி' என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் தனியார் மருத்துவர்கள் பலர் அவர்களுக்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வைத்தியர் இல்லாத ஊரில் உட்கார்ந்திருப்பவன்தான் புத்தி கெட்டவன். ஜனம் ஓடுவது உண்மையைக் கேட்டு அல்ல, தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில்.

நம்பிக்கை 4: செத்த உடலிலிருந்து ஊருக்கே பரவும்.

2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அவர் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவர் இரவோடு இரவாக மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினார். முறைப்படி மூடிக் கட்டிப் புதைத்த உடலிலிருந்து தெருவுக்கு நோய் வராது. அந்த இரவில் அங்கே ஆபத்தாக இருந்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள்தான்.

நம்பிக்கை 5: வேப்பிலை, கூழ் எல்லாம் வெறும் மூடநம்பிக்கை, ஒழித்துக்கட்ட வேண்டும்.

இது படித்தவர்களின் மூடநம்பிக்கை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் வெளியாள் உள்ளே வரமாட்டார். நோயாளி தனியாகப் படுப்பார். ஒருவர் மட்டும் கவனிப்பார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அடித்துச் சொல்வதை மாரியம்மன் நோட்டீஸ் இல்லாமலே செய்ய வைக்கிறாள். கலங்கி நிற்கிற கைக்கு ஒரு வேலையும் கிடைக்கிறது. செய்யுங்கள், கூடவே டாக்டரிடமும் போங்கள்.

நம்பிக்கை 6: மனநல ஆலோசனை பைத்தியத்துக்குத்தான்.

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு நாளைக்கு இருபது முறை கை கழுவியும் மனசு ஆறவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி-மானஸ், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஆனால் போன் நம்பரோடு என் வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னால் அது ஏமாற்று. பயத்துக்கு ஒரு வழியைக் காட்ட வேண்டும் என்றேன். உப்பளத்துக் கூலிக்கு அந்த வழி ஒன்றுதான்: காய்ச்சலென்று படுத்த நாளுக்கும் கூலி. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி நோயில் விழுந்தால் ஊதியத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பாத்தியில் நிற்பவர்களில் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் வேலையற்ற மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்பதை அரசு ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. மழைக்கு உண்டு என்றால் நோய்க்கு ஏன் இல்லை?

மே 1 அன்று கிராம சபை கூடும். உப்பு முழுவீச்சில் விளைகிற நேரம் அது. தைரியம் பற்றி உபதேசம் பண்ண நினைக்கிறவர்கள் அன்றைக்கு வந்து, காய்ச்சல் நாள் கூலிக்காக ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கையைத் தூக்கட்டும்.