கிரீச்சிடும் முன்சக்கரம்

எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'கிரீச்' என்றொரு சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த என் தாயார், "நம்ம ஊர் வீட்டு ஊஞ்சல் சங்கிலி மாதிரி கத்துதேடா, கொஞ்சம் எண்ணெய் விடக் கூடாதா?" என்றார்.

பணிமனையிலும் ஏறத்தாழ அதைத்தான் செய்தார்கள். "எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி, அதனால் சின்னச் சத்தமும் கேட்கும்" என்று சொல்லி, எதையோ பீய்ச்சி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் சத்தம் திரும்பியது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு செம்பூரிலிருந்து கண்டாலா மலைப்பாதை வழியே புனே செல்வதாக இருந்தோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. படித்தும் பார்த்தும் நான் அறிந்துகொண்டதை, இத்தகைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

அமைப்பு

இன்றைய கார்கள் பலவற்றில் முன்பக்க சஸ்பென்ஷன், ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வடிவமைத்த முறையைச் சேர்ந்தது. மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த ஸ்ட்ரட்; கீழே 'லோயர் ஆர்ம்' என்ற இரும்புக் கை. அந்தக் கையின் உட்பக்கம் ரப்பர் புஷ் வழியாக வண்டியோடு இணைகிறது. வெளிப்பக்கம் 'பால் ஜாயின்ட்' என்ற உருண்டை மூட்டின் மூலம் சக்கரத்தோடு இணைகிறது. நம் தோள்பட்டை போன்றது அம்மூட்டு. உள்ளே கிரீஸ் இருக்கும். அதை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். இவை தவிர, வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியும், அதற்குரிய ரப்பர் புஷ்களும், இரு லிங்க் ராடுகளும் உண்டு.

மின்சார வண்டியில் பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ எடை. அந்தச் சுமையோடு குழிகளில் இறங்கி ஏறும்போது இப்பாகங்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

சோதனை

சமதரையில் வண்டியை அணைத்து, கை பிரேக் போட்டு, ஒருவர் முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட, மற்றவர் சக்கரத்தருகே குனிந்து கேட்க வேண்டும். சத்தம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே விரலை விடக் கூடாது.

அடுத்து, ரப்பர் புஷ்கள் மீது சிறிது தண்ணீர் தெளித்து மீண்டும் அழுத்துங்கள். சத்தம் உடனே அடங்கினால் உலர்ந்த ரப்பர் உராய்கிறது என்று ஊகிக்கலாம். அடங்காவிட்டால் பால் ஜாயின்டைச் சந்தேகியுங்கள். 'கிரீச்' அல்லாமல் 'டொக் டொக்' என்று தட்டினால், ஏதோ ஒரு மூட்டு ஏற்கெனவே தேய்ந்து தளர்ந்திருக்கலாம்.

என் வண்டியில் தண்ணீர் தெளித்தும் சத்தம் போகவில்லை. ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி, விளக்கடித்துப் பார்த்தேன். இடப்பக்கப் பால் ஜாயின்டின் உறை கிழிந்து, துருநீர் கசிந்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸை வெளியேற்றியிருக்கிறது. இந்த மூட்டு தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். வண்டியை அடக்க முடியாது. மலைப்பாதையில் அப்படி நேர்ந்தால்? அதை நினைத்ததும் கை நடுங்கியது.

செய்யக் கூடாதவை

ரப்பர் புஷ்ஷில் என்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவாதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். ரப்பருக்கு ஏற்றது சிலிக்கான் கிரீஸ். உறை கிழிந்த பால் ஜாயின்டுக்குள் ஊசியால் கிரீஸ் ஏற்றுவதும் உண்டு. சத்தம் சில நாள் அடங்கும், தேய்மானம் அடங்காது. மாற்றுவதே வழி.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பேட்டரிப் பெட்டியின் மேல் ஜாக்கி வைக்காதீர்கள். அதற்கென்று குறித்த இடங்கள் உண்டு. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் உடையவை, தொடவே வேண்டாம்.

பணிமனையில்

நான் வேறொரு பணிமனைக்குச் சென்று, "இடப்பக்கம், மேடு ஏறும்போது, தண்ணீர் தெளித்தாலும் போகவில்லை, உறை கிழிந்திருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பிக் காட்டினார், மூட்டு ஆடியது. லோயர் ஆர்மையே முழுதாக மாற்றினோம். புஷ் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கியபின்தான் இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இதை நினைவூட்டி, கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

தீபாவளிக்குப் புனே போய் வந்தோம். வழியெல்லாம் வண்டி வாய் திறக்கவில்லை. "நான்தான் அப்பவே எண்ணெய் விடச் சொன்னேனே" என்றார் அம்மா. நான் மறுத்துப் பேசவில்லை. எண்ணெய் தீர்வாகாவிட்டாலும், அந்தச் சத்தத்தை முதலில் காதில் வாங்கியவர் அவர்தானே!