வளைந்த பால்கனிக்கு வளைந்த பெஞ்ச்: ஸ்கெட்ச்அப்பில் முதல்முறை வரைபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூர், தி.நகர் உட்தெருக்களில் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் ஆர்ட் டெகோ பாணி வீடுகளில் பால்கனி தெருவை நோக்கி வயிறு தள்ளி நிற்கும். அந்தக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கடையில் வாங்கிய நேரான பெஞ்சைப் போட்டால் நடுவில் ஓரடி சந்து விழும். செருப்பும் சருகும் சேர அது போதும். சுவரோடு சேர்ந்து வளையும் பெஞ்சை நாமே வரைந்து ஆசாரியிடம் கொடுக்கலாம்.

## முதலில் நூல், பிறகு கம்ப்யூட்டர்

பெஞ்ச் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தில் சுவரின் இரு முனைகளுக்கும் நூல் கட்டுங்கள். அது நாண். நாணின் நடுவிலிருந்து சுவர்வரை உள்ள தூரம் அம்பு. வில்லை நினைத்துக்கொண்டால் மறக்காது. நாண் 2400 மி.மீ., அம்பு 300 மி.மீ. என்று வையுங்கள். நாணை நாணால் பெருக்கி, அம்பின் 8 மடங்கால் வகுத்து, அம்பில் பாதியைக் கூட்டினால் ஆரம்: 2400 + 150 = 2550 மி.மீ.

பழைய சுவரை மட்டும் நம்பவே கூடாது. எத்தனை முறை பூசினார்களோ! ஒரு முனைக்கும் சுவரின் நடுப்புள்ளிக்கும் இடையே இன்னொரு நூல் கட்டி அதன் அம்பையும் அளங்கள். முதல் அம்பில் கால்வாசி, இங்கே சுமார் 76 மி.மீ., வரவேண்டும். அடுத்த பாதியிலும் அப்படியே. 10 மி.மீ.க்கு மேல் பிசகினால் அது வட்டத்தின் துண்டே அல்ல. அட்டையைச் சுவரில் சாத்திப் பென்சிலால் வரி எடுப்பதுதான் வழி.

## மூன்று எண்களில் வளைவு

ஸ்கெட்ச்அப்பில் மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டைத் திறந்து, 'டூ பாயிண்ட் ஆர்க்' கருவியை எடுங்கள். முதல் புள்ளியைக் கிளிக் செய்து, சிவப்புக் கோட்டின் திசையில் நகர்த்தி 2400 என்று தட்டி என்டர். மவுஸை இழுத்து 300, என்டர். கையோடு 48s என்று தட்டி இன்னொரு என்டர்.

அந்த 48 எதற்கு? இந்த மென்பொருளுக்கு உண்மையான வளைவு தெரியாது. குட்டிக் குட்டி நேர்கோடுகளைக் கோத்து வளைவுபோலக் காட்டுகிறது. தானாகப் போடுவது 12 கோடு. நம் அளவில் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் 2 மி.மீ. விலகும், கையால் தடவினால் தெரியும். 48 கோடு என்றால் விலகல் 0.1 மி.மீ. சொச்சம்தான்.

'என்டிட்டி இன்ஃபோ'வில் ஆரம் 2550 காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் நூலும் திரையும் ஒத்துப்போகின்றன. பிறகு 'ஆஃப்செட்' கருவியால் சுவருக்கு இடைவெளியாக 10 மி.மீ. உள்ளே ஒரு வளைவு, அதிலிருந்து 450 உள்ளே இன்னொன்று. இந்த இரண்டின் முனைகளையும் கோட்டால் மூடி, 'புஷ் புல்'லில் 18 மி.மீ. தூக்கினால் இருக்கைப் பலகை ரெடி. உடனே குரூப் ஆக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரைவதெல்லாம் இதோடு ஒட்டிக்கொள்ளும்.

முன்பக்க மூலைகள் இரண்டிலும் ஒரு சாண் அளவுக்கு முக்கோண இடம் மிஞ்சும். துளசித் தொட்டிக்கு விட்டுவிடுங்கள்.

## படிக்கட்டையும் அளந்துவிடுங்கள்

அடையாறு ஃபிளாட் ஒன்றுக்கு நான் முதலில் வரைந்த பெஞ்ச் ஒரே துண்டு. மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே கீழே இறங்கியது. தப்பு முழுக்க என்னுடையது. அதன்பிறகு எதையும் நடுவில் வெட்டி இரண்டு பாதியாகத்தான் வரைகிறேன்.

பிளைவுட் 8-க்கு 4 அடி, அதாவது 2440 × 1220 மி.மீ. இருக்கைப் பலகையையும் அதே வடிவ அடிப்பலகையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வரைந்தால், நெருக்கிப் பிடித்து ஒரே ஷீட்டில் அடங்கும். பால்கனி என்பதால் ஐப்பசி மழைச் சாரல் அடிக்கும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளையைக் கேட்டு வாங்குங்கள்.

## முகப்பு

வீட்டுக்குள் என்றால் ஒரு பக்கமாக வளையும் ஃபிளெக்ஸி பிளையைச் சுற்றி மைக்கா ஒட்டலாம். சாரல் படும் இடத்துக்கு 25 மி.மீ. அகலத் தேக்கு ரீப்பர்களை நெட்டாக அடிப்பதே என் தேர்வு. எதையும் வளைக்க வேண்டியதில்லை.

ஒரு ரீப்பரை முன்வளைவின் முனையில் வரைந்து குரூப் ஆக்கி, 'ரொட்டேட்' கருவியால் வளைவின் மையத்தையும் அந்த முனையையும் கிளிக் செய்யுங்கள். கன்ட்ரோல் பட்டனைத் தட்டி, மறுமுனையைக் கிளிக் செய்து /48 என்று கொடுத்தால் 49 ரீப்பர்கள் வரிசையாக நிற்கும். 25-ஆவது சரியாக நடு இணைப்பின் மேல் விழும். அதை மட்டும் பெஞ்சைப் பால்கனியில் பொருத்தியபின் அடிக்கச் சொல்லுங்கள். வெட்டு வெளியே தெரியாது.

## ஆசாரி கைக்கு

கலர் படம் வீட்டாருக்கு. ஆசாரிக்கு 2540, 2090 என்ற இரண்டு ஆரமும் நாணின் அளவும் போதும். மொட்டை மாடித் தரையில் ஓர் ஆணி, நீள ரீப்பர், முனையில் பென்சில். அதுவே அவருடைய காம்பஸ். முதலில் 6 மி.மீ. பிளையில் அச்சு வெட்டச் சொல்லி, சுவரை ஒட்டி வைத்து, அந்த 10 மி.மீ. சந்தில் ஒரு பென்சிலைக் குத்தாக நுழைத்து முனையிலிருந்து முனைவரை ஓட்டிப் பாருங்கள். எங்கும் சிக்காவிட்டால் மெரைன் பிளையை வெட்டலாம்.