கட்டப்படாத வீட்டின் வாக்கு

நுழையும்முன்

தேர்தல் என்றவுடன் தலைவர்களும் கொடிகளும் முழக்கங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஊருக்கு வெளியே இருக்கும் புல்வெளியில் வீடுகள் எழலாமா, கூடாதா என்னும் வினா ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் நெடுநாள் வழக்கத்தை மாற்றிவிட முடியுமா? 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற ஓர் இடைத்தேர்தல் இவ்வினாவை எழுப்பியது. வாக்குரிமை யாருக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அது எண்ணிப்பார்க்கச் செய்தது.

வீடும் அரசியலும்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்’ என்பது நம் முதுமொழி. வீடு கட்டுவதன் அருமையை அது ஒரு குடும்பத்தின் பார்வையிலிருந்து கூறுகிறது. ஒரு நாடே வீடு கட்ட முற்படும்போது அவ்வருமை பன்மடங்காகிறது. எந்த ஊரில் கட்டுவது, யாருடைய நிலத்தில் கட்டுவது, அருகில் வாழ்வோரின் இசைவைப் பெறுவது எவ்வாறு என்னும் வினாக்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. இவற்றுக்கு விடை காண்பதே வீட்டுவசதிக் கொள்கையும் ஊரமைப்புக் கொள்கையும் ஆகும். இக்கொள்கைகள் தலைநகரில் வகுக்கப்படுகின்றன. அவற்றின் விளைவோ ஏதேனும் ஓர் ஊரின் தெருமுனையில் தெரிகிறது. தெருமுனையில் தெரிவது வாக்குச்சாவடியிலும் தெரியும். இதற்குச் சான்றாக அமைந்தது செஷம் – அமர்ஷம் தொகுதியின் இடைத்தேர்தல்.

தொடர்வண்டி வளர்த்த ஊர்கள்

இலண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், சில்டர்ன் குன்றுகளுக்கு இடையே செஷம், அமர்ஷம் என்னும் இரு நகரங்கள் உள்ளன. மெட்ரோபாலிடன் தொடர்வண்டித் தடம் 1889இல் செஷத்தையும் 1892இல் அமர்ஷத்தையும் எட்டியது. தொடர்வண்டி நிறுவனம் தடத்தை அமைத்ததோடு நின்றுவிடவில்லை. தடத்தை ஒட்டிய பகுதிகளுக்கு 1915இல் ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் சூட்டி, ‘ஊர்ப்புறத்தில் வாழுங்கள், நகரத்தில் பணிபுரியுங்கள்’ என்னும் கருத்தை விளம்பரங்களின் வழியே பரப்பியது. அமர்ஷத்தின் நிலையத்தைச் சுற்றிக் குன்றின்மேல் ஒரு புதிய நகர்ப்பகுதியே உருவாயிற்று.

இச்செய்தியை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். இன்று புதிய வீடுகளை ஐயத்தோடு நோக்கும் இப்பகுதியின் பல தெருக்கள், ஒரு காலத்தில் வயல்களின்மீது எழுந்த புதிய வீடுகளால் ஆனவையே.

நிலத்துக்கு இடப்பட்ட வேலி

வீடுகள் கட்டுப்பாடின்றிப் பரவுவதைக் கண்டு அந்நாடு அஞ்சியது. 1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் ஓர் அடிப்படை மாற்றத்தைக் கொண்டுவந்தது. நிலம் ஒருவருக்கு உரியதாக இருந்தாலும், அதில் கட்டடம் எழுப்பத் திட்ட அனுமதி பெறவேண்டும் என்பதே அம்மாற்றம். 1955இல் நகரங்களைச் சுற்றிப் ‘பசுமை வளையம்’ அமைக்குமாறு உள்ளாட்சி மன்றங்களை அரசு ஊக்குவித்தது. ஒரு நகரம் மற்றொரு நகரத்தோடு ஒட்டிக்கொள்ளாதவாறு இடைநிலங்களைக் காப்பது அதன் நோக்கம்.

செஷம் – அமர்ஷம் பகுதியின் பெரும்பகுதி இலண்டனின் பசுமை வளையத்துக்குள் அடங்கும். சில்டர்ன் குன்றுகள் 1965 முதல் இயற்கையெழில் மிக்க பகுதி என்னும் காப்பினையும் பெற்றுள்ளன. பீச் மரக்காடுகளும், உலகில் அரிதாகக் காணப்படும் சுண்ணப்பாறை நீரோடைகளுள் ஒன்றான செஸ் ஆறும் அப்பகுதிக்கு அழகு சேர்க்கின்றன. வேலி காக்கும் பயிரைப் போல, இச்சட்டங்கள் தங்கள் ஊரைக் காக்கின்றன என்னும் நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியிருந்தது.

தெரியுமா?

தமிழ்நாட்டில் மனைப்பிரிவு, கட்டடம் ஆகியவற்றுக்கான திட்ட அனுமதி முறை, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. இச்சட்டத்தின் பெயர் பிரித்தானியச் சட்டத்தின் பெயரை நினைவூட்டுவதைக் காணலாம்.

வெள்ளை அறிக்கை

வேலியின் மறுபக்கத்தில் வேறொரு துன்பம் வளர்ந்தது. 1997இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் இடைநிலை விலை, ஒருவரின் இடைநிலை ஆண்டு வருவாயைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. 2021இல் அது ஏறத்தாழ 9 மடங்காக உயர்ந்தது. இளைஞர்கள் சொந்த வீடு பெறுவது கனவாயிற்று. ஆண்டுக்கு 3 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கை அரசு வகுத்தது.

போரிஸ் ஜான்சனின் கன்சர்வேட்டிவ் அரசு, அவ்விலக்கை எட்டும் பொருட்டு, 2020 ஆகஸ்டில் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. நிலங்களை வளர்ச்சிக்குரியவை, புதுப்பித்தலுக்குரியவை, பாதுகாப்புக்குரியவை என மூவகையாகப் பிரிக்கலாம் என்று அது முன்மொழிந்தது. வளர்ச்சிக்குரியது என ஒதுக்கப்படும் நிலத்தில் கட்டுவதற்குக் கொள்கையளவிலான அனுமதி தானாகவே கிடைத்துவிடும். மக்கள் தங்கள் கருத்தைத் திட்டம் வகுக்கும் தொடக்க நிலையிலேயே கூறவேண்டும். ஒவ்வொரு கட்டடமாக எதிர்ப்புத் தெரிவிக்கும் வாய்ப்பு சுருங்கும்.

இவற்றோடு, எந்தப் பகுதியில் எத்தனை வீடுகள் என்பதைக் கணக்கிடும் புதிய வாய்பாடு ஒன்றும் முன்வைக்கப்பட்டது. அது தென்கிழக்கு இங்கிலாந்தின் ஊர்ப்புறங்கள்மீது பெருஞ்சுமையை ஏற்றும் என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்தனர். 2020 டிசம்பரில் அரசு அவ்வாய்பாட்டைத் திருத்தி, 20 பெருநகரங்களுக்கு 35 விழுக்காடு கூடுதல் இலக்கு வகுத்தது. ஆயினும் அச்சம் அகலவில்லை. 2021 மே 11 அன்று அரசியின் உரையில் ஊரமைப்புச் சட்ட முன்வரைவு அறிவிக்கப்பட்டபோது, அவ்வச்சம் மீண்டும் தலைதூக்கியது.

இடைத்தேர்தல் களம்

1992 முதல் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்த செரில் கில்லன் 2021 ஏப்ரலில் மறைந்தார். ஜூன் 17 அன்று இடைத்தேர்தல் நடைபெற்றது. 1974இல் தொகுதி உருவானது முதல் கன்சர்வேட்டிவ் கட்சியே அங்கு வென்று வந்தது. 2019 பொதுத்தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்கு வேறுபாடு 16,223. ஆகவே, முடிவைப் பற்றிப் பலர் ஐயம் கொள்ளவில்லை.

லிபரல் டெமாக்ரட் கட்சியின் வேட்பாளர் சாரா கிரீன், ஊரமைப்புச் சீர்திருத்தத்தைத் தம் பரப்புரையின் முதன்மைப் பொருள்களுள் ஒன்றாக ஆக்கினார். உங்கள் ஊரைப் பற்றிய முடிவு உங்கள் கையைவிட்டுப் போகிறது என்னும் செய்தி வீடுதோறும் சென்றது. வாக்குகள் எண்ணப்பட்டபோது சாரா கிரீன் 21,517 வாக்குகளும், கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் ஃபிளீட் 13,489 வாக்குகளும் பெற்றிருந்தனர். வாக்கு வேறுபாடு 8,028. முந்தைய தேர்தலில் 55 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற ஆளுங்கட்சி, இம்முறை 35.5 விழுக்காடே பெற்றது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 622 வாக்குகள் மட்டுமே. வெற்றி பெற்ற கட்சியின் தலைவர் எட் டேவி, நீல நிறக் கட்டைகளால் அடுக்கப்பட்ட சுவரொன்றை ஆரஞ்சு நிறச் சுத்தியலால் தட்டிச் சாய்த்து மகிழ்ச்சியை வெளிப்படுத்தினார். நீலம் ஆளுங்கட்சியின் நிறம் என்பது குறிப்பிடத்தக்கது.

தெரியுமா?

பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் இருபதில் ஒரு பங்கைப் பெறாதவர் வைப்புத்தொகையை இழப்பர். இந்தியாவில் அந்த எல்லை ஆறில் ஒரு பங்கு ஆகும்.

காரணம் ஒன்றா, பலவா?

ஒரு தேர்தல் முடிவுக்கு ஒரே காரணத்தைக் கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. அதிவேகத் தொடர்வண்டித் திட்டத்துக்காகச் சில்டர்ன் குன்றுகளின் அடியில் 16 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை தோண்டும் பணி அதே ஆண்டில் தொடங்கியது. தொகுதிக்குள் அத்தொடர்வண்டிக்கு நிலையம் இல்லை. தொல்லை மட்டும் உண்டு என்று மக்கள் கருதினர். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவேண்டும் என்று 2016இல் வாக்களித்தோர் அத்தொகுதியில் மிகுதி. பிற எதிர்க்கட்சிகளின் ஆதரவாளர்கள் பலர், வெல்லும் வாய்ப்புள்ள எதிர்க்கட்சி வேட்பாளரின் பக்கம் திரண்டனர்.

எனினும், இக்காரணங்களை ஊரமைப்புக் கொள்கை ஒரு நூலில் கோத்தது. ‘எங்களைக் கேளாமல் எங்கள் மண்ணைப் பற்றி முடிவெடுக்கின்றனர்’ என்னும் மனக்குறைக்கு அது ஒரு வடிவம் தந்தது. இடைத்தேர்தலின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. பொதுத்தேர்தலில் வாக்காளர், யார் நாட்டை ஆளவேண்டும் என்று எண்ணுகிறார். இடைத்தேர்தலில் ஒரு தொகுதியின் முடிவால் ஆட்சி மாறப்போவதில்லை. 2019இல் 80 இடங்கள் பெரும்பான்மை பெற்றிருந்த அரசு, ஓர் இடத்தை இழப்பதால் கவிழாது. எனவே, தாம் வழக்கமாக ஆதரிக்கும் கட்சியை ஆட்சியிலிருந்து அகற்றாமலேயே அதைக் கண்டிக்கும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைக்கிறது. உள்ளூர்ச் சிக்கல் இடைத்தேர்தலில் பெருங்குரல் பெறுவது இதனால்தான்.

முடிவு அசைத்த கொள்கை

ஒரு தொகுதியின் முடிவு ஆட்சியை மாற்றவில்லை. ஆனால் கொள்கையை அசைத்தது. தெற்கு இங்கிலாந்தின் பாதுகாப்பான தொகுதிகளைச் சேர்ந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தங்கள் இருக்கையைப் பற்றிக் கவலை கொண்டனர். 2021 செப்டம்பரில் வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மைக்கேல் கோவ் காலத்தில் மூவகை நிலப்பிரிவுத் திட்டம் கைவிடப்பட்டது. 2022 டிசம்பரில், உள்ளாட்சிகளுக்கான வீட்டு இலக்குகள் கட்டாயமற்றவை என்னும் நிலைக்கு அரசு இறங்கி வந்தது. ஆண்டுக்கு 3 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கு எட்டப்படவே இல்லை. 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, அவ்வாண்டு டிசம்பரில் இலக்குகளை மீண்டும் கட்டாயமாக்கியது.

வெற்றி பெற்ற கட்சிக்கும் ஒரு முரண் இருந்தது. ஆண்டுக்கு 3 இலட்சம் வீடுகள் கட்டப்படவேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் அக்கட்சியும் கூறியிருந்தது. நாடு முழுமைக்கும் வீடு வேண்டும் என்பதில் கட்சிகளுக்குள் வேறுபாடு இல்லை. எந்த ஊரில் என்று கேட்கும்போதுதான் வேறுபாடு தோன்றுகிறது.

பட்டியலில் இல்லாதவர்

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். செஷம் – அமர்ஷத்தில் வாக்களித்தவர்கள் அங்கே ஏற்கெனவே வாழ்பவர்கள். அவர்களுடைய கவலைகளைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடல் தகாது. வீடுகள் பெருகும்போது சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் பெருகாவிடில் துன்புறுவோர் அவர்களே. ஆற்றின் நீரும் காட்டின் நிழலும் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வாரா.

ஆனால், கட்டப்படாத வீட்டில் குடியேறியிருக்கக்கூடிய குடும்பத்துக்கு அத்தொகுதியில் வாக்கு இல்லை. அக்குடும்பம் இன்று வேறேதோ நகரத்தில், வருவாயின் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்துக்கொண்டு வாழ்கிறது. அத்தகைய குடும்பங்கள் நாடெங்கும் பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. செஷத்திலேயே பிறந்து வளர்ந்து, வீட்டு விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் வெளியேறிய இளைஞரும் அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இல்லை. வீட்டால் வரும் நன்மை பல இடங்களில் சிறிது சிறிதாகப் பரவுகிறது. கட்டுமானத்தால் வரும் இடர் ஓரிடத்தில் குவிகிறது. குவிந்த எதிர்ப்பு ஒரு தொகுதியை வெல்லும்; சிதறிய தேவை எந்தத் தொகுதியையும் வெல்லாது. வீட்டுவசதிக் கொள்கைக்கும் இடைத்தேர்தலுக்கும் உள்ள உறவின் உட்பொருள் இதுவே.

நிறைவாக

மக்களின் குரலுக்கு அரசு செவிசாய்ப்பது மக்களாட்சியின் மாண்பு. அக்குரலில் ஒலிக்காத தேவைகளையும் கருத்தில் கொள்வது அதன் பொறுப்பு. மக்களைக் கலந்து திட்டம் வகுப்பதும், வீட்டுக்கு முன்னரே சாலையையும் பள்ளியையும் அமைப்பதும், நகரங்களுக்குள் பயனின்றிக் கிடக்கும் நிலங்களை முதலில் பயன்படுத்துவதும் இரு சாராருக்கும் நன்மை பயக்கும். சில ஆண்டுகளில் முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் மாணவர்களாகிய நீங்கள், வாக்குச்சாவடிக்குச் செல்லும்போது உங்கள் தெருவைப் பற்றி எண்ணுங்கள். அது உங்கள் உரிமை. அத்தெருவுக்கு இன்னும் வந்து சேராதவரைப் பற்றியும் ஒரு கணம் எண்ணுங்கள். அது உங்கள் கடமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கடந்த இருபது ஆண்டுகளில் வயல்களாகவும் தோப்புகளாகவும் இருந்து குடியிருப்புகளாக மாறிய இடங்களைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.

2. ‘புதிய குடியிருப்புகள் ஊருக்கு நன்மையே’, ‘புதிய குடியிருப்புகள் ஊருக்குச் சுமையே’ என்னும் தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக. பின்னர் அணிகள் இடம் மாறி, எதிரணியின் கருத்தை எடுத்துரைக்க.

மதிப்பீடு

குறுவினா

1. பசுமை வளையத்தின் நோக்கம் யாது?

2. 2020ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை நிலங்களை எவ்வாறு வகைப்படுத்தியது?

சிறுவினா

1. இடைத்தேர்தலில் உள்ளூர்ச் சிக்கல்கள் மிகுந்த செல்வாக்குப் பெறுவது ஏன்? விளக்குக.

2. ‘மெட்ரோலேண்ட்’ வரலாறு செஷம் – அமர்ஷம் இடைத்தேர்தலைப் புரிந்துகொள்ள எவ்வாறு உதவுகிறது?

நெடுவினா

‘குவிந்த எதிர்ப்பு ஒரு தொகுதியை வெல்லும்; சிதறிய தேவை எந்தத் தொகுதியையும் வெல்லாது’ – பாடப்பகுதியைக் கொண்டு இக்கூற்றை ஆராய்ந்து, உம் கருத்தைக் கட்டுரையாக எழுதுக.