வாசிக்காத நேரத்தில் தெரியும் வித்வான்

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போய்த் திருவாரூர் சாலையில் திரும்பினால் சிக்கல் வந்துவிடும். சிங்காரவேலர் குடிகொண்ட ஊர். வெளியூர்க்காரர் பலருக்கு அந்த ஊர்ப் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வருபவர் ஒரு நாயனக்காரர்: சிக்கல் சண்முகசுந்தரம். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதையின் நாயகன் அவர். 1968-ல் ஏ.பி. நாகராஜன் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை எடுத்தபோது உடம்பு கொடுத்தவர் சிவாஜி கணேசன். நாதம் கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்கள். எழுதியவர், நடித்தவர், ஊதியவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து இல்லாத ஒரு வித்வானை இருக்கிறவராக ஆக்கிவிட்டார்கள்.

கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் நாயனம் ஊதியே தலை நரைத்தவன் நான். இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள், மேடை நாடகம் போடுகிறார்கள். “ஐயா, நாயனத்தை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டிக்கொடுங்கள்” என்று வந்து நிற்கிறார்கள். பிடிக்கக் கற்றுக்கொடுக்க அதிக நேரம் ஆகாது. பிடித்த ஆள் வித்வானாகத் தெரிய வேறு சில சங்கதிகள் வேண்டும். நாயனத்துக்கு மட்டுமில்லாமல் பாடகராக, மிருதங்கக்காரராக, வீணைக்காரராக நடிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் காது, பிறகு கை.

நீங்கள் நடிக்கப் போகும் பாட்டையோ கீர்த்தனையையோ, ஒலிநாடா ஓடாமலே மனத்துக்குள் முழுக்க ஓட்டிப் பார்க்க முடிகிறவரை கருவியைத் தொடாதீர்கள். எந்த வரி இரண்டு தடவை வருகிறது, எங்கே சங்கதி மாறுகிறது, எங்கே தவில் சும்மா இருக்கிறது, எங்கே நுழைகிறது எல்லாம் மனப்பாடம் ஆக வேண்டும். அடுத்து வரப்போவது தெரிந்தவனுடைய முகம் வேறு. வந்த பிறகு விழித்துக்கொள்கிறவனுடைய முகம் வேறு. கேமரா இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும்.

2. மாங்கனித் திருவிழாவை விடாதீர்கள்.

ஆனி மாதம் நம் காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். எல்லோருடைய கண்ணும் மேலே இருக்கும். உங்கள் கண் மேளத்தின் மேல் இருக்கட்டும். வெயிலில் நடந்துகொண்டே எப்படி ஊதுகிறார்கள், கூட்டம் நெருக்கும்போது கருவியை எப்படி அணைத்துக்கொள்கிறார்கள், நாயனக்காரர் ஒரு பார்வை பார்த்ததும் தவில்காரர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று பக்கத்திலேயே நடந்து பாருங்கள். திருநள்ளாறு போனாலும் சரி, சிக்கல் போனாலும் சரி, இதுதான் பாடம். எம்.பி.என். சகோதரர்கள் ஊதும்போது அவர்கள் முகத்தையும் கழுத்தையும் சிவாஜி கூர்ந்து கவனித்துப் பழகினார் என்பது இன்றும் எங்கள் ஆட்கள் பெருமையோடு சொல்லும் செய்தி.

3. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விரல் தப்பினால் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். மூச்சு தப்பினால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நீளமான பிருகா ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது நடிகரின் தோள் ஏறி இறங்கினால் அந்த நாதம் அவருடையது இல்லை என்று அம்பலமாகிவிடும். ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு, வித்வான் எங்கெங்கே மூச்சு எடுக்கிறார் என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் மட்டும் நீங்களும் எடுங்கள். நாதம் கிளம்பும் கணத்துக்குச் சற்று முன்னாலேயே மூச்சு உள்ளே போய்விட வேண்டும். பாடுகிறவராக நடித்தாலும் இதேதான் சட்டம்.

4. கருவியின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாகஸ்வரத்தின் குழலுக்கு உலவு என்று பெயர். ஆச்சா மரத்தில் கடைவார்கள். நரசிங்கம்பேட்டை அதற்குப் பேர் போன ஊர். கீழே அணசு, மேலே கெண்டை, கெண்டையில் செருகுவது சீவாளி. சீவாளி நாணல் தட்டையில் செய்தது. காய்ந்திருந்தால் பேசாது, எச்சில் பட்டு நனைந்தால்தான் பேசும். அதனால் ஊதும் முன் வாயில் வைத்து நனைப்போம், எடுத்து வெளிச்சத்தில் பார்ப்போம், ஊசியால் திருத்துவோம், சரியில்லை என்றால் மாற்றுவோம். மாற்றுச் சீவாளிகளும் ஊசியும் கருவியிலேயே நூலில் கட்டித் தொங்கும். விரல் வைக்கும் துளைகள் ஏழு. இடைப்பட்ட சுரங்களுக்குத் தனிச் சாவி கிடையாது. விரலைப் பாதி திறந்தும் உதட்டை இறுக்கித் தளர்த்தியும் மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும்தான் கமகம் பிறக்கும். ஆகையால் விரல் தந்தியடிப்பது போலத் துள்ளக் கூடாது. துளையை விட்டுக் கொஞ்சமாகத்தான் எழும்பும். எந்தக் கை மேலே என்று உங்கள் ஆசானைக் கேட்டுக்கொள்ளுங்கள். படம் முடிகிறவரை அது மாறவே கூடாது.

5. மற்றக் கருவிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு.

தவிலில் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிய கையால் வாசிப்பார்கள், தொப்பியைக் குச்சியால் அடிப்பார்கள். கூடு இல்லாத வெறும் விரலைக் காட்டினால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவை பிசைந்து அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். வீணையில் சுரம் மேலே போகப் போக இடது கை குடத்தை நோக்கி இறங்கி வர வேண்டும். உச்சத்தில் பாட்டு நிற்கும்போது கை யாளி முகத்துப் பக்கம் கிடந்தால் பொய் அங்கேயே உடைந்துவிடும். ‘சர்வம் தாள மயம்’ (2019) படத்துக்காக ஜி.வி. பிரகாஷ் குமார் உமையாள்புரம் சிவராமனிடமே மிருதங்கம் பயின்றார். இசையமைப்பாளராக இருந்தும் ஒரு கருவிக்கு முன்னால் மாணவராக உட்கார்ந்தார். போலந்து நாட்டுப் பியானோ கலைஞரைப் பற்றிய ‘தி பியானிஸ்ட்’ (2002) படத்தில் நடித்த ஏட்ரியன் பிராடியும் பியானோவில் பயிற்சி எடுத்துக்கொண்ட பிறகுதான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். உங்கள் படம் பத்து நிமிடப் படமாக இருந்தாலும் சில வாரமாவது ஒரு ஆசானிடம் போய் உட்காருங்கள்.

6. தாளம் போடத் தெரியாமல் தொடையைத் தட்டாதீர்கள்.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. இதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். நடந்துகொண்டே, பேசிக்கொண்டே போட வர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள். சபையில் உட்காரும் ரசிகராக நடிப்பவரும் இதைக் கற்க வேண்டும். முன்வரிசைக் கிழவர் தப்பாகத் தாளம் போட்டால் மேடையில் இருப்பவர் வாசிப்பும் சேர்ந்து பொய்யாகும்.

7. பாடுகிறவராக நடித்தால் வாய்விட்டே பாடுங்கள்.

படப்பிடிப்பில் ‘நாக்ரா’ போடுவார்கள், பாட்டு ஒலிக்கும், உதட்டை அசைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, கூடவே உரக்கப் பாடுங்கள். அப்போதுதான் கழுத்து நரம்பு புடைக்கும், வயிறு உள்வாங்கும், மேல் ஸ்தாயியில் புருவம் தானாக ஏறும். ‘சங்கராபரணம்’ (1980) படத்தில் சங்கர சாஸ்திரியாக நடித்த ஜே.வி. சோமயாஜுலு அரசுப் பணியில் துணை ஆட்சியராக இருந்தவர். அவருக்குக் குரல் கொடுத்த எஸ்.பி. பாலசுப்ரமணியம் முறையாகக் கர்நாடக சங்கீதம் பயிலாதவர். உழைப்பு இருவரையும் ஒரே ஆளாக்கியது. ‘சிந்து பைரவி’யில் (1985) சிவகுமாரின் உடம்பும் கே.ஜே. யேசுதாஸின் குரலும் சேர்ந்து ஜே.கே.பி. என்ற பாடகர் உருவானதும் அப்படித்தான்.

8. ஒரே படத்தில் மூன்று வழி பாருங்கள்.

‘திருவிளையாடல்’ (1965) படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாணபத்திரராக வரும் டி.ஆர். மகாலிங்கம் சொந்தக் குரலில் பாடினார். ஹேமநாத பாகவதராக வரும் டி.எஸ். பாலையாவுக்கு பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன். மகாலிங்கத்திடம் பாடுவதாகக் காட்டிக்கொள்ளும் முயற்சியே இருக்காது. பாலையாவிடம் வித்தையின் செருக்கு உட்காரும் விதத்திலேயே வந்துவிடும். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை, படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒரு தடவை, இரண்டையும் சேர்த்து ஒரு தடவை என்று கவனியுங்கள்.

நம் ஊர் அம்மையாரின் கதையை 1973-ல் ‘காரைக்கால் அம்மையார்’ என்று ஏ.பி. நாகராஜன் எடுத்தபோது, முதிய அம்மையாராக நடித்த கே.பி. சுந்தராம்பாள் தாமே பாடினார். நட்டபாடையிலும் இந்தளத்திலும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களைத் தந்த அம்மையாருக்கு, சொல் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் விழும் குரல் வாய்த்தது. பாடத் தெரிந்த பிள்ளைகள் அதைக் கேட்டு உச்சரிப்பைச் சரி செய்துகொள்ளுங்கள்.

9. பாடத் தெரியும் என்பதாலேயே நடிப்பு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார். ஆனால் நாயனக்காரன் என்றதும் திரையில் ஜனங்கள் கண்ணுக்குத் தெரிவது சிவாஜிதான். வித்தை ஒரு படிப்பு, அதைத் திரையில் காட்டுவது இன்னொரு படிப்பு. இரண்டுக்கும் தனித்தனியே உழைக்க வேண்டும்.

10. வாசிக்காத நேரத்தில்தான் வித்வான் தெரிவான்.

நான் சொல்ல வந்ததில் தலையானது இதுதான். வாசிக்கும்போது ஒலிப்பதிவு உங்களைக் காப்பாற்றும். வாய் எடுத்த பிறகு காப்பாற்ற ஆள் கிடையாது. இரட்டை நாயனத்தில் ஒருவர் ஊதும்போது மற்றவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சீவாளியைத் திருத்துவார், ஆனால் காது அங்கேயே இருக்கும். நல்ல சங்கதி விழுந்தால் கை நின்றுவிடும், தலை அசையும், தன் முறை வரப்போகிறது என்று உதடு தயாராகும். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் தவில் வித்வான் முத்துராக்காக வரும் பாலையாவையும், தம்பி நாயனமாக வரும் ஏ.வி.எம். ராஜனையும் பாருங்கள். அவர்கள் சிவாஜியைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதால்தான் சிவாஜி வாசிக்கிறார் என்று நாம் நம்புகிறோம்.

‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் ஜெமினி கணேசன் நாயனம், சாவித்திரி பாட்டு. ஒலித்தது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும். குரலும் நாதமும் மாறி மாறிச் சுரம் சொல்லும் இடத்தில், வாசிக்காதவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்கு வேண்டிய பள்ளிக்கூடம் அந்த முகங்களில் இருக்கிறது.

11. முகத்தை அடக்குங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் ஞானம் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் கஷ்டமான இடத்தை வாசிக்கும்போதுதான் முகம் அமைதியாக இருக்கும். கன்னம் உப்பும், நெற்றியில் வியர்வை வரும், அது உழைப்பு. அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

12. பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை.

நாயனம் ஆண்பிள்ளைக் கருவி என்று கதை எழுதுகிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் ஊதி ஊரையே நிற்கவைத்த கருவி இது. உங்கள் கதையில் நாயனக்காரி ஒருத்தி வரட்டும். அவளுக்கு வேண்டிய மூச்சுப் பயிற்சியை நானே சொல்லித்தருகிறேன்.

13. படம் எடுக்கிற தம்பிகளுக்கு.

கைக்கு ஒரு காட்சி, முகத்துக்கு ஒரு காட்சி என்று துண்டு துண்டாக வெட்டி ஒப்பேற்றாதீர்கள். ஒரே ஒரு இடத்திலாவது கையும் முகமும் சேர்ந்து தெரிய, முழு வரியையும் ஓடவிடுங்கள். அந்த ஒரு காட்சி மற்றதையெல்லாம் தாங்கும். படப்பிடிப்பு நாளில் அந்தக் கருவி தெரிந்த ஒருவரைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். அவர் “இல்லை” என்றால் மறுபடி எடுங்கள்.

14. ஊதியவர் பெயரைப் போடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குக் கைதட்டல் வாங்கித்தரும் நாதம் இன்னொருவருடைய நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்தது. படத்தின் தொடக்கத்திலேயே, நடித்தவர் பெயருக்குச் சமமான எழுத்தில் அவர் பெயர் வர வேண்டும். தவில், ஒத்து, தாளம் போட்டவர்கள் பெயரும் வர வேண்டும். பேசிய கூலியை ஒலிப்பதிவு முடிந்த அன்றைக்கே கையில் கொடுங்கள். திரையிடும் நாளில் அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, படம் முடிந்ததும் மேடைக்கு அழைத்து, இந்த நாதம் இவருடையது என்று சபையறியச் சொல்லுங்கள். அதைக் கேட்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ நாயனம் கற்க வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் நடித்ததும் எங்கள் தொழிலுக்குச் செய்த தொண்டாகும்.