கொடைக்கானல் குளிரில் லித்தியம் பேட்டரி: வேன் ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு கணக்கு

செமஸ்டர் முடிஞ்சதும் வேன் எடுத்துக்கிட்டு கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர்னு கிளம்புற ப்ளான் எல்லா கேங்லயும் ஒண்ணு இருக்கும். வேனிலேயே தங்கப் போறீங்கன்னா ஒரு லித்தியம் பவர் ஸ்டேஷனோ, 12 வோல்ட் பேட்டரியும் இன்வர்ட்டரும் சேர்ந்த செட்டோ கூட வரும். "எத்தனை நாள் தாங்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அந்தக் கணக்கை முதல்ல போடுவோம். அப்புறம் மலைக்குப் போறவங்க அவசியம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: குளிரில் இதை எப்போ சார்ஜ் பண்ணக் கூடாது?

1. வாட்-ஹவரில் மட்டும் பேசுங்க

பவர் பேங்க் மேல 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர்னு போட்டிருக்கும். அதாவது 20 ஆம்பியர்-ஹவர். வேன் பேட்டரி 100 ஆம்பியர்-ஹவர். அப்போ 5 மடங்குதானா? இல்லை. வோல்டேஜால் பெருக்கணும்.

பவர் பேங்க்: 3.7 × 20 = 74 வாட்-ஹவர்
வேன் பேட்டரி: 12.8 × 100 = 1,280 வாட்-ஹவர்

வித்தியாசம் 17 மடங்கு! இதில் இன்வர்ட்டரில் போகும் இழப்பு, அடியில் மிச்சம் வைக்க வேண்டியது எல்லாம் கழிச்சா சுமார் 1,000 வாட்-ஹவர் கையில் நிக்கும். இப்போ நாலு பேருக்கு ஒரு நாள் செலவு:

- எல்.இ.டி. விளக்கு: 10 வாட் × 5 மணி நேரம் = 50
- போன்கள்: 4 × 20 = 80
- லேப்டாப் ஒரு தடவை = 60
- கெட்டிலில் 2 லிட்டர் வெந்நீர் = 200

மொத்தம் 390. இரண்டு நாளைக்குத் தாராளமா வரும்.

கெட்டில் கணக்கு எப்படி வந்தது? கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். 15 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரை அதுவரை கொண்டுபோக 78 × 4.186 = 326 கிலோ ஜூல், அதாவது 91 வாட்-ஹவர். கெட்டிலின் இழப்பையும் சேர்த்து 100னு வச்சுக்கலாம். (அதே காரணத்தால் அரிசியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க ரொம்ப நேரம் ஆகும். குக்கர் எடுத்துட்டுப் போங்க.)

2. பேட்டரியால் முடியாதது

1,500 வாட் இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல இழுக்கும். பல 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரிகளின் பி.எம்.எஸ். 100 ஆம்பியரிலேயே கட் ஆகிடும். வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரைப் போட்டால் அது சூடாகி உருகும். தடிமனான கேபிளும், பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு டி.சி. ஃப்யூஸும் கட்டாயம் வேணும்.

1,000 வாட் ரூம் ஹீட்டர் போட்டால் ஒரே மணி நேரத்தில் மொத்த பேட்டரியும் காலி. ராத்திரி முழுக்க வேனைச் சூடு பண்ண இந்த பேட்டரியால் முடியவே முடியாது. ஹீட்டர் இல்லைன்னு கரி அடுப்பை மூடின வேனுக்குள்ளேயோ டென்ட்டுக்குள்ளேயோ மட்டும் வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குறவங்க எழுந்திருக்காமலே போயிடலாம். கம்பளி, ஸ்லீப்பிங் பேக், கெட்டிலில் போட்ட வெந்நீரை ஊற்றிய பாட்டில் இவைதான் சரியான ஹீட்டர்.

3. ஏன் எல்.எஃப்.பி.?

நாம படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பேட்டரி இருக்கப் போகுது. அதனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. வகையா பார்த்து எடுங்க. அதில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் வலுவா பிணைஞ்சிருப்பதால், சூடானாலும் ஆக்சிஜன் லேசில் வெளியே வராது. தீப்பிடிக்கும் ஆபத்து மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு.

இதில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் பங்கும் இருக்கு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் படிச்சு, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்இனஃப்புடன் சேர்ந்து சல்பேட் போன்ற அயனித் தொகுதிகளை இரும்போடு சேர்த்தால் வோல்டேஜ் கூடும்னு காட்டினார். அந்த வழியில்தான் 1997இல் குட்இனஃப் குழுவின் எல்.எஃப்.பி. ஆய்வுக் கட்டுரை வந்தது. 2019இல் குட்இனஃப்புக்கு நோபல் கிடைச்சப்போ, அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

4. உறைபனிக்கு மறுநாள் காலை

டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் ஏரிப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி படியும். வானிலை அறிக்கை 5, 6 டிகிரி சொல்லும். ஆனா மேகமில்லாத ராத்திரியில் திறந்தவெளியில் கிடக்கும் புல்லும் உலோகமும் தங்கள் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீச்சா விட்டுட்டு, காற்றைவிடக் குளிர்ந்து 0 டிகிரிக்கும் கீழே போயிடும். டென்ட்டுக்கு வெளியே புல்லில் வச்ச பவர் ஸ்டேஷன், வேன் கூரைமேல் இருக்கும் பெட்டி, இரண்டுக்கும் இதே கதிதான்.

மேகமில்லாத ராத்திரிக்கு மறுநாள் காலை வெயிலும் பளிச்னு வரும். சோலார் பேனல் உடனே மின்சாரம் கொடுக்க ஆரம்பிக்கும். ஆனா பேட்டரி இன்னும் உறைநிலையிலேயே இருக்கும். அப்போ சார்ஜ் ஏறினால் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமா படிஞ்சிடும். படிஞ்சதில் ஒரு பகுதி திரும்பி வராது. கொள்ளளவு நிரந்தரமா குறையும். முற்றினால் செல்லுக்குள் ஷார்ட் ஆகலாம். வெளியே இருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

கவனிங்க: அந்தக் குளிரில் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், பிரச்சினை இல்லை. ஏற்றுவதுதான் கூடாது. அதனால்:

- பேட்டரியை வேனுக்குள்ளேயே, நீங்க தூங்குற இடத்தோட கதகதப்பில் வைங்க.
- வாங்கும்போதே "0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் கட் ஆகுமா?"னு கேளுங்க. எல்லா பி.எம்.எஸ்.ஸிலும் இது இருக்காது.
- ராத்திரியே பேனல் கனெக்ஷனைக் கழற்றிடுங்க. காலையில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, குளிர் விட்ட பிறகு மாட்டுங்க.

5. சோலாரை மட்டும் நம்பாதீங்க

வெயில் நாளில் 100 வாட் பேனல் 300 முதல் 400 வாட்-ஹவர் தரும். மூடுபனி இறங்கினால் அதில் கால்வாசி கிடைப்பதே பெரிசு. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்துங்க: 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் மூலமா வண்டியின் ஆல்டர்னேட்டரே ஏறக்குறைய 500 வாட்-ஹவர் ஏத்திடும். நேரடியா வயர் இழுக்காதீங்க. எல்.எஃப்.பி.யின் உள்மின்தடை குறைவு என்பதால் அளவுக்கு மீறி இழுத்து, மலைப்பாதையில் மெதுவா போகும்போது ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி இ-பாஸ் எடுங்க, வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் தங்காதீங்க. மேலே இருக்கிற பட்டியலில் உங்க கேங்கோட எண்களைப் போட்டு ஒரு தடவை கூட்டிப் பாருங்க. 1,000 தாண்டினால், ஹோட்டலில் டீ குடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணி கெட்டிலை வீட்டிலேயே வச்சுடுங்க!